வெப்பமின் வைன் குளிர்பெட்டிப் பழுதுகள்

வைன் குளிர்பெட்டி என்பது, வைன் எனப்படும் திராட்சை மதுவின் புட்டிகளை வீட்டில் ஏறத்தாழ 12 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்திருக்க உதவும் சாதனம் ஆகும். ஐரோப்பாவின் பழைய வீடுகளில் இப்பணியை நிலவறை செய்துவந்தது. நிலவறை இல்லாத அடுக்குமாடி வீடுகளில் அதற்கு மாற்றாக இப்பெட்டிகள் பரவின. இவற்றில் இரு வகைகள் உள்ளன. ஒன்று, சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியைப் போலக் கம்பிரசரால் இயங்குவது. மற்றையது, பெல்டியர் விளைவைப் பயன்படுத்தும் வெப்பமின் வகை. சில புட்டிகளை மட்டும் கொள்ளும் விலை குறைந்த சிறு பெட்டிகள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

பழுதாகிவிட்டதாகக் கருதி ஒதுக்கப்படும் வெப்பமின் பெட்டிகளுள் சில உண்மையில் பழுதடையாதவை. வேறு சில, ஒரு சிறு மின்விசிறி நின்றுபோனதால் மட்டும் குளிர்ச்சியை இழந்தவை. இரண்டையும் பிரித்தறிய, பெட்டி இயங்கும் முறை ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

இயங்கும் முறை

இருவேறு உலோகங்கள் சேரும் சந்தியின் ஊடாக மின்னோட்டம் பாயும்போது, அதன் திசையைப் பொறுத்து அச்சந்தி வெப்பத்தை ஏற்கிறது அல்லது வெளிவிடுகிறது. இதனை 1834ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் சான் சார்லஸ் பெல்டியர் கண்டறிந்தார். 1838இல் ஐன்ரிக் லென்ஸ், பிஸ்மத்-அந்திமனிச் சந்தியில் வைத்த நீர்த்துளியை இம்முறையால் உறையச் செய்தார். மின்னோட்டத்தைத் திருப்பி அதனை மீண்டும் உருக்கியும் காட்டினார்.

இன்றைய பெட்டிகளில் உலோகங்களுக்குப் பதில் பிஸ்மத் டெலுரைடு என்னும் குறைகடத்தித் துண்டுகள் பயன்படுகின்றன. பரவலாகக் கிடைக்கும் பெல்டியர் தகடு 40 மில்லிமீட்டர் சதுரமானது. அதன் இரு பீங்கான் பரப்புகளுக்கு நடுவே 127 இணைத் துண்டுகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. திருவிழாத் தொடர்விளக்கில் ஒரு விளக்கு போனால் முழு வரிசையும் அணைவதுபோல, ஓர் இணைப்பு விரிசல் கண்டாலும் தகடு முழுவதும் செயலற்றுவிடும்.

இத்தகடு வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருந்து வெளியே கடத்துகிறது. எடுத்துக்காட்டாக, உள்ளிருந்து 20 வாட் வெப்பத்தை எடுக்க 60 வாட் மின்திறன் செலவானால், பின்புறம் 80 வாட் வெப்பம் வெளியேற வேண்டும். அதற்காகவே அங்கு அலுமினிய வெப்பத் தணிப்பியும் விசிறியும் உள்ளன. விசிறி நின்றால் வெப்பம் தகட்டின் வழியே உள்ளேயே திரும்பிவிடும்.

பழுது போலத் தோன்றுபவை

வெப்பமின் பெட்டியால் ஒரு நிலையான வெப்பநிலையை எச்சூழலிலும் தர இயலாது. அறை வெப்பநிலையை விட ஏறத்தாழ 10 முதல் 15 பாகை வரை குறைப்பதே பல பெட்டிகளின் எல்லை. அறை 22 பாகையில் இருந்தால் 12 பாகை எளிதில் கிட்டும். 2022 சூலை 19 அன்று இங்கிலாந்தில் 40.3 பாகை பதிவானது. அத்தகைய கோடையில், குளிரூட்டப்படாத வீட்டின் அறை 32 பாகையை எட்டினால், பெட்டிக்குள் 20 பாகை இருப்பது பழுதன்று.

புதிதாகப் புட்டிகளை அடுக்கியபின் பொறுமையின்றிச் சோதிப்பதும் வழக்கம். 750 மில்லிலிட்டர் வைனை 28 பாகையிலிருந்து 12 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 50 கிலோயூல் வெப்பத்தை நீக்க வேண்டும். பன்னிரண்டு புட்டிகளுக்கு 600 கிலோயூல். 20 வாட் வீதம் நீக்கினால் இதற்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுவர் வழியே புகும் வெப்பம் தனி. ஆகவே நீர் நிரப்பிய புட்டி ஒன்றில் வெப்பமானியை வைத்து, ஒரு நாள் கழித்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. முகப்பில் ஒளிரும் எண் உணரி இருக்கும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே காட்டும்.

உண்மையான பழுதுகள்

பின்புறத்தைக் கவனித்தாலே பெரும்பாலும் காரணம் புலப்படும். விசிறி அசையாமல் தணிப்பி கடுமையாகச் சுட்டால், குறை விசிறியில் உள்ளது. இதுவே முதலில் பார்க்க வேண்டியது. பல பெட்டிகளில் இவ்விசிறி கணினியில் உள்ளதைப் போன்ற 12 வோல்ட் விசிறியே. விசிறி சுழன்றும் தணிப்பி சிறிதும் சூடேறாவிட்டால், தகட்டுக்கு மின்சாரம் வரவில்லை அல்லது தகடு உடைந்துள்ளது. மின்னிணைப்பைத் துண்டித்து, தகட்டின் கம்பிகளைக் கழற்றிப் பன்மானியால் அளந்தால், நல்ல தகடு சில ஓம் மின்தடையே காட்டும். தணிப்பி சூடாக இருந்தும் உள்ளே குளிரில்லை எனில், இதழ்களில் படிந்த தூசி, உலர்ந்த வெப்பப் பசை, நின்றுபோன உள்விசிறி, தளர்ந்த கதவு இரப்பர் ஆகியவற்றை ஆராயலாம்.

தகட்டை மாற்றும்போது பழைய பசையை முற்றிலும் துடைத்து, புதியதை மெல்லியதாகப் பூசி, திருகுகளைச் சமமாக இறுக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் இறுக்கினால் பீங்கான் வெடிக்கும். கம்பிகளை மாற்றி இணைத்தால் பெட்டி வைனைச் சூடாக்கும்!

வெப்பநிலை உணரி பழுதானால் பெட்டி இடைவிடாது இயங்கும் அல்லது இயங்கவே இயங்காது. 25 பாகையில் 10 கிலோஓம் காட்டும் வகை உணரி, 12 பாகையில் ஏறத்தாழ 18 கிலோஓம் காட்ட வேண்டும்.

மின்வழங்கி வேறு வகையானது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் திருத்தும்போது அதன் மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் சேர்கிறது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதோர் இதனைத் திறக்கலாகாது. கம்பிரசர் வகைப் பெட்டியின் வளிமக் குழாய்களுக்கும் இது பொருந்தும்; அவற்றுள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது.

பழுது நீங்கும்வரை

வைன் சில நாள் வெப்பத்தில் கெட்டுவிடுவதில்லை. வெயில் படாத குளிர்ந்த மூலையில் வைத்தால் போதும். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியும் சில நாட்களுக்கு ஏற்றதே. உறைய விடுவதுதான் கேடு: விரியும் பனிக்கட்டி தக்கையை வெளியே தள்ளிவிடும்.

உதிரிப் பாகங்கள்

2021 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள் வைன் பெட்டிகளையும் உள்ளடக்கும். ஒரு மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின் உணரி, சுற்றுப்பலகை முதலியவை 7 ஆண்டுகளும், கதவு இரப்பர் 10 ஆண்டுகளும் கிடைக்கச் செய்தல் வேண்டும். கதவு இரப்பரை வீட்டுப் பயனர்களும் நேரடியாகக் கேட்டுப் பெறலாம். உணரியும் சுற்றுப்பலகையும் தொழில்முறைப் பழுதுபார்ப்போருக்கு உரியவை.