இருபத்துநான்கு கன அங்குலம்

மோட்டார்ப் பந்தயங்களில் ‘டிராக்’ பந்தயம் என்று ஒரு வகை உண்டு. அதில் வளைவு கிடையாது. ஏற்ற இறக்கமும் கிடையாது. நூல் பிடித்தாற்போல் கால் மைல் தடம். அதாவது 402 மீட்டர். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானத்துக்கு ஏறிவரும் சாலையை அறிந்த நமக்கு, கால் மைல் நேர்ச்சாலை என்பதே கற்பனைப் பொருளாகத் தோன்றும். ஆயினும் பீர்மேட்டிலும் வண்டிப்பெரியாற்றிலும் நம் பிள்ளைகள் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியைப் பிரித்துப் பூட்டுவதில் காட்டும் ஆசையைப் பார்த்தால், இந்தப் பந்தயத்தைப் பற்றி அவர்கள் அறியாதது ஒன்றுமில்லை என்றே சொல்ல வேண்டும்.

அவர்களும் அதிகம் எண்ணிப்பாராத ஒரு கட்டம் இதில் இருக்கிறது. எல்லைக்கோட்டைத் தொட்டவுடனே வெற்றி உறுதியாகிவிடுவதில்லை. பந்தயம் முடிந்த பிறகு அதிகாரிகள் என்ஜினைச் சோதிக்கிறார்கள். வேண்டுமானால் சிலிண்டரின் தலையையே கழற்றி அளக்கிறார்கள். அந்த அளவு சரியாக இருந்தால்தான் வென்றவன் வென்றவன்.

என்ஜினின் பலம் பெரும்பாலும் அதன் கொள்ளளவைப் பொறுத்தது. சிலிண்டரின் உள்விட்டம் எவ்வளவு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால் கொள்ளளவைக் கணக்கிட்டுவிடலாம். ஆர்.எக்ஸ். 100 வண்டியில் இரண்டுமே 50 மில்லிமீட்டர். கணக்குப்படி 98 சி.சி. வருகிறது. சிலிண்டர் தேய்ந்துபோய், பட்டறையில் அரை மில்லிமீட்டர் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட்டால், அது 100 சி.சி.யைச் சற்றே தாண்டிவிடும். சாதாரணமாக ஓட்டுகிறவனுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. 100 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளின் பந்தயத்திலோ அதே வண்டி விதியை மீறியதாகிவிடும். நேர்மையான பழுதுபார்ப்புக்கும் திருட்டு வேலைக்கும் உள்ள வேற்றுமையை அளவுகோல் அறியாது. ரயில்வே எடைப்பாலமும் அப்படித்தான். சரக்கு ஏற்றியவர் பெரிய வியாபாரியா, சிறிய வியாபாரியா என்று அது கேட்பதில்லை.

நம் நாட்டில் இத்தகைய பந்தயங்களுக்குப் பெயர் பெற்ற இடம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தைப் பந்தயத் தடமாக்கி, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்தது. கோயம்புத்தூர்க் கரிவர்தன் அவர்கள் மாருதி 800 காரின் என்ஜினையே பொருத்தி, மலிவான பந்தய வண்டி ஒன்றை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே என்ஜின் என்றால் பணக்காரனுக்கும் மற்றவனுக்கும் உள்ள இடைவெளி குறையும். ஆனால் அந்த ஒரே என்ஜினை யாரும் இரகசியமாகத் திருத்தவில்லை என்று பார்ப்பதற்கும் சோதனை வேண்டியிருக்கிறதே! இந்தச் சோதனை பெரிய மனிதனிடம் சென்றால் எப்படி நடக்கிறது, சாதாரண மனிதனிடம் சென்றால் எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட அமெரிக்க நாட்டின் பெட்டி குடும்பத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

1949ஆம் ஆண்டு ஜூன் 19. வட கரோலினா மாநிலம், சார்லட் நகரம். ‘நாஸ்கார்’ என்னும் மோட்டார்ப் பந்தயச் சங்கம், கடையில் விற்கும் கார்களைக் கொண்டே ஓட வேண்டிய பந்தயத்தை முதன்முறையாக நடத்தியது. மண் தடம், 200 சுற்று. கிளென் டனவே என்பவர் 1947ஆம் வருஷத்து ஃபோர்டு காரில் முதலாவதாக வந்தார். வண்டி அவருடையதன்று, சொந்தக்காரர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லண்டு என்பவர். பந்தயத்துக்குப் பிறகு சோதித்த அதிகாரி, பின்பக்கத்து வில்கள் விதிக்கு மாறாகத் திருத்தப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். கள்ளச்சாராயம் கடத்துவோர் செய்யும் திருத்தம் அது. வில்லை அவ்வாறு விறைப்பாக்கிவிட்டால், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டியின் பின்புறம் தாழாது. போலீசாருக்குச் சந்தேகம் எழாது. (குமுளிச் சோதனைச் சாவடியில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) டனவேயின் வெற்றி பறிக்கப்பட்டது. இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பர் வென்றவராக அறிவிக்கப்பட்டார். வண்டிக்காரர் 10,000 டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். நீதிபதி அதைத் தள்ளிவிட்டார். சங்கத்துக்குத் தன் விதியை நிறைவேற்ற உரிமை உண்டு என்பது அன்று நிலைபெற்றது.

அதே பந்தயத்தில் லீ பெட்டி என்பவர், இரவல் வாங்கிய பியூக் காரை ஓட்டிக் கவிழ்த்துவிட்டார். அவருடைய மகன் ரிச்சர்டு பெட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது நிறையவில்லை. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் இருநூறு பந்தயங்களில் வென்று, அமெரிக்க மோட்டார்ப் பந்தய உலகின் மன்னர் என்று பெயரெடுத்தவர்.

இந்தத் தகப்பனாரின் குணத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1959இல் அட்லாண்டா நகரத்து லேக்வுட் தடத்தில் ரிச்சர்டுக்கு முதல் வெற்றி கிட்டியது போல் தோன்றியது. கொடியும் காட்டிவிட்டார்கள். சுற்றுக் கணக்கில் தவறு இருக்கிறது என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஆட்சேபித்தவர் வேறு யாருமல்லர், தகப்பனார் லீ பெட்டியேதான்! கணக்கைச் சரிபார்த்ததில் தகப்பனாரே வென்றவர் என்று முடிவாயிற்று. மகன் இரண்டாமவரானார். நம் வீடுகளில் இப்படி நடந்தால் தாய்மார்கள் எத்தனை நாள் அடுப்பு மூட்டாமல் இருப்பார்களோ!

1964இல் ரிச்சர்டு, கிரைஸ்லர் கம்பெனியின் ‘ஹெமி’ என்ற பேராற்றல் வாய்ந்த என்ஜினைக் கொண்டு டேட்டோனா 500 பந்தயத்தில் வென்றார். அவ்வருஷத்துச் சாம்பியன் பட்டமும் அவருக்கே. மறு வருஷம் நாஸ்கார் அந்த என்ஜினைத் தடை செய்தது. கிரைஸ்லர் கம்பெனி கோபித்துக்கொண்டு பந்தயங்களைப் புறக்கணித்தது. வேலையற்றுப்போன ரிச்சர்டு, அதே என்ஜினைச் சிறிய பாரக்குடா கார் ஒன்றில் பொருத்தி, ‘சட்ட விரோதமாக்கப்பட்டது’ என்று பொருள்படும் சொல்லை அதன்மேல் எழுதிக்கொண்டு, டிராக் பந்தயக்காரரானார். 1965 பிப்ரவரி 28 அன்று ஜார்ஜியா மாநிலத்து டல்லாஸ் என்ற ஊரில் அந்தக் கார் கட்டுப்பாடு இழந்து, கரையேறி, வேடிக்கை பார்த்து நின்றவர்கள்மீது பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். வேறு சிலர் காயமுற்றனர். என்ஜினுக்கு ஓர் எல்லை எதற்கு, பலம் இருந்தால் ஓடட்டுமே என்று வாதாடுகிறவர்கள் இந்தச் செய்தியையும் மனத்திற்கொள்ள வேண்டும். தடை தளர்ந்ததும் அவ்வருஷமே ரிச்சர்டு வட்டப் பந்தயத்துக்குத் திரும்பினார்.

பதினெட்டு வருஷங்கள் கழித்து, 1983 அக்டோபர் 9 அன்று, அதே சார்லட் நகரத்துக்கு அருகே உள்ள பெருந்தடத்தில் ரிச்சர்டு தம்முடைய 198ஆவது வெற்றியைப் பெற்றார். டாரல் வால்ட்ரிப் இரண்டாவது. சோதனையில் இரண்டு குற்றங்கள் வெளிப்பட்டன. ஒன்று டயர். இடப்பக்கமே வளைந்து ஓடும் தடத்தில் பாரமெல்லாம் வலப்பக்கச் சக்கரங்களின்மீது விழும்; ஆகவே அங்கே கடினமான டயர் போட வேண்டும் என்பது விதி. ரிச்சர்டின் வண்டியில் இடப்பக்கத்துக்குரிய மென்மையான டயர்கள் வலப்பக்கத்தில் இருந்தன. மென்மையானது தரையை நன்றாகப் பற்றும், விரைவில் தேய்ந்துவிடும். பந்தயம் முடியும் தறுவாயில் தேய்மானத்தைப் பற்றி யாருக்குக் கவலை?

மற்றொன்று என்ஜின். எல்லை 358 கன அங்குலம். அளந்தபோது 381.983 இருந்தது. ஏறக்குறைய 24 கன அங்குலம் அதிகம். நம் கணக்கில் சொன்னால் 393 சி.சி. பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் முழு என்ஜினே 346 சி.சி. தான்! ஒரு புல்லட்டை உள்ளே ஒளித்துவைத்துக்கொண்டு ஓடியதற்கு ஒப்பான காரியம் அது. தேய்மானம், ரீபோர், அளவுப்பிழை என்று சமாதானம் சொல்ல அதில் இடமில்லை.

என்ஜினைக் கட்டியவர் ரிச்சர்டின் தம்பி மாரிஸ் பெட்டி. தமக்கு இது தெரியாது என்றார் ரிச்சர்டு. பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டார். தண்டனை 35,000 டாலர் அபராதம். 104 புள்ளிகள் இழப்பு. அதுவரை அச்சங்கம் விதித்த அபராதங்களில் அதுவே பெரிது. ஆனால் வெற்றியை மட்டும் யாரும் தொடவில்லை. வால்ட்ரிப் இரண்டாமவராகவே நின்றார். மறு வருஷம் ஜூலை 4 அன்று, ஜனாதிபதி ரீகன் முன்னிலையில் ரிச்சர்டு 200ஆவது வெற்றி பெற்றபோது, இந்த 198ஆவதும் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருந்தது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுண்டு. பணம் கொடுத்துப் பார்க்க வந்த மக்கள், வென்றவர் இன்னார் என்று தெரிந்துகொண்டே வீடு திரும்ப வேண்டும். மறுநாள் பத்திரிகையில் வேறு பெயரைப் படிக்கலாகாது என்பது. வியாபாரிக்கு இது நியாயமாகப் படலாம். எனக்குப் படவில்லை. டனவேயும் வண்டியை ஓட்டியவர்தான். வில்லைத் தொட்டவர் அல்லர். ரிச்சர்டும், அவர் சொற்படி, ஓட்டியவர்தான். என்ஜினைக் கட்டியவர் அல்லர். ஒருவர் பெயர் பந்தயத்தின் கடைசி வரிக்குப் போயிற்று. மற்றவர் பெயர் முதல் வரியிலேயே நின்றது. அபராதம் பணம் உள்ளவனுக்கு ஒரு செலவு, அவ்வளவே. இரண்டாவதாக வந்தவனுக்கு உரியதை அபராதம் திருப்பிக் கொடுப்பதில்லை.

மாரிஸ் பெட்டியைத் திருடர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவர் கை பட்ட என்ஜின்கள் பெற்ற வெற்றிகளுக்காக, நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் 2014இல் அவருக்கும் இடமளித்தார்கள். 2020இல் காலமானார். பட்டறையில் கரி படிந்த கையோடு நிற்பவனின் பெயரை உலகம் குற்றம் நடந்தால் மட்டும் கேட்டு வாங்குகிறது என்ற வருத்தம் நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கும் உண்டு. இவருக்காவது மாலையும் விழுந்தது.

நாஸ்கார் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள 2019 வரை ஆயிற்று. அவ்வருஷம் முதல், பந்தயத்துக்குப் பின் நடக்கும் சோதனையில் பெருங்குற்றம் தெரிந்தால் வெற்றியே போய்விடும் என்று விதித்தார்கள். 2022 ஜூலை 24 அன்று பென்சில்வேனியா மாநிலத்துப் போக்கனோ தடத்தில் டென்னி ஹாம்லின் முதலாவதாகவும், அவருடைய கூட்டாளி கைல் புஷ் இரண்டாவதாகவும் வந்தனர். இருவரும் பெரும் பெயர் பெற்றவர்கள். ஒரே முதலாளியின் வண்டிகள். முன்பக்கத்தில் விதிக்குப் புறம்பாக ஒட்டப்பட்டிருந்த மெல்லிய படலம் ஒன்று அகப்பட்டது. காற்று ஓடும் வகையைச் சற்றே திருத்த அது உதவும். என்ஜினில் 24 கன அங்குலம் கூட்டியதோடு ஒப்பிட்டால் அற்பம். ஆயினும் இருவரையும் நீக்கிவிட்டு, மூன்றாவதாக வந்த சேஸ் எலியட்டுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். அந்தப் பந்தய வரிசையில் முதலில் வந்தவரின் வெற்றி பறிக்கப்பட்டது 1960க்குப் பிறகு அதுவே முதன்முறை. முதலாளி மேல்முறையீடு செய்யவில்லை.