குட்டிக்கு முதல் 24 மணி நேரம்

ஆம்பூர்னா பிரியாணி, இல்லன்னா ஷூ. ரெண்டுக்கும் பின்னாடி நிக்கிற ஆட்டைப் பத்தி நாம அதிகம் பேசறதில்ல. சுத்துப்பட்டு கிராமங்கள்ல மருமக ஷூ கம்பெனிக்குப் போக, மாமியார் வீட்டுல நாலு செம்மறியைப் பார்த்துக்கறது சாதாரணம். 2011-ல அரசு விலையில்லா ஆடு கொடுத்தப்பவும் குடும்பத்துக்கு நாலுதான் கணக்கு. நாலு ஆடு வெச்சிருக்கிற வீட்டுல ஒரு குட்டி செத்தா அது பெரிய அடி. யாரோ ஒருத்தரோட செமஸ்டர் ஃபீஸ் அதுல இருக்கலாம்.

சாகற குட்டிகள்ல நிறைய, பிறந்த முதல் சில நாள்லயே போயிடுது. காரணம் புரிஞ்சா காப்பாத்தறது கஷ்டமில்ல.

மனுஷக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள்கள் வயித்துக்குள்ள இருக்கும்போதே அம்மா ரத்தத்துல இருந்து வந்துடும். ஆட்டோட நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. அதனால குட்டி கிட்டத்தட்ட வெறுங்கையோட பிறக்குது. எல்லாம் சீம்பால் வழியாத்தான் வரணும். மாட்டுச் சீம்பாலைக் காய்ச்சி சர்க்கரை போட்டுச் சாப்பிட்டிருப்பீங்களே, அதே சமாச்சாரம்தான். குட்டியோட குடல் அந்த எதிர்ப்புப் புரதங்களைச் செரிக்காம முழுசா உறிஞ்சும். ஆனா அந்தக் கதவு மணிக்கு மணி மூடிக்கிட்டே வந்து, சுமார் 24 மணி நேரத்துல அடைஞ்சிடும். அப்புறம் எவ்வளவு குடிச்சாலும் அது வெறும் சத்துதான்.

அதனால பிறந்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முதல் குடி நடந்தாகணும். முதல் நாள் முழுக்க உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு. ரெண்டரை கிலோ குட்டின்னா கால் லிட்டர், நாலஞ்சு தடவையா பிரிச்சு. தொப்புள்கொடியில டிங்ச்சர் அயோடின் தடவறதும் அதே நேரத்து வேலை. தாய் செத்துட்டாலோ பால் விடலைன்னாலோ, அதே சமயம் ஈன்ற வேற ஆட்டோட சீம்பால் கொடுக்கலாம். ஃப்ரிட்ஜ்ல வெச்சதுன்னா வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரத்தை வெச்சு சூடாக்குங்க. அடுப்புல கொதிக்க விட்டா எதிர்ப்புப் புரதம் அழிஞ்சிடும்.

குட்டியோட வாய்க்குள்ள விரல் வெச்சுப் பாருங்க. சில்லுனு இருந்தா முதல்ல துடைச்சு, கோணியில சுத்தி சூடேத்தணும், பால் அப்புறம்தான். வாயைப் பிளந்து ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். குட்டி தானா சப்பணும். சப்பும்போதுதான் உணவுக்குழாய்ல ஒரு பள்ளம் மடிஞ்சு குழாய் மாதிரி ஆகி, இன்னும் வேலை தொடங்காத முதல் வயித்தைத் தாண்டி பாலை நேரா நாலாவது வயித்துக்கு அனுப்புது. நம்ம பாஷையில பைபாஸ் வால்வு.

ரெண்டு வாரத்துல குட்டி தழையைக் கொறிக்கத் தொடங்கும். கொஞ்சம் அகத்தியோ வேலிமசாலோ கட்டிவிட்டா முதல் வயிறு சீக்கிரம் பழகும். மூணு மாசத்துல பால் மறக்கடிக்கலாம். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் அப்போதான். ஏன் முன்னாடியே போடறதில்ல? தாய் கொடுத்த எதிர்ப்புப் பொருள் உடம்புல இருக்கிறவரை தடுப்பூசியையே அது அழிச்சிடும். அது தேயற நேரம் பார்த்துப் போடணும். அரசு கால்நடை மருந்தகத்துல கேளுங்க, குடல்புழு நீக்க மருந்தும் சேர்த்து.

அடுத்தது தோல். அம்மைத் தழும்பு, உண்ணிக்கடி, முள் கிழிச்ச கோடு எல்லாம் பதனிட்ட பிறகும் அப்படியே தெரியும். சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்குப் பேர் வாங்கித் தந்ததே அதோட தோல்தான். கொட்டகையில உண்ணி சேராம கூட்டி, சுண்ணாம்பு அடிச்சு வெச்சா குட்டிக்கும் நல்லது, தோலுக்கும் தரம் குறையாது. வேலிக்கு முள்கம்பி வேணாம்னு மட்டும் வீட்டுல சொல்லிடுங்க.