டிக்கெட்டில் ஆறு, பயணமோ பத்தரை!

மகள் பிரசவத்துக்காக லண்டன் கிளம்பிய எதிர்வீட்டு மாமி, டிக்கெட்டைக் காட்டி, 'காலைல, 5:30க்கு சென்னையில ஏறினா, 11:30க்கு லண்டன். ஆறு மணி நேரம் தானே... இன்சுலினை பெரிய பெட்டியிலயே போட்டுட்டேன்...' என்றார். எனக்கு பகீரென்றது.

டிக்கெட்டில் போட்டிருப்பது, அந்தந்த ஊர் நேரம். மார்ச் கடைசி முதல், அக்டோபர் கடைசி வரை, லண்டன் கடிகாரம் நம்மை விட நாலரை மணி நேரம் பின்னால் ஓடும். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம். அதையும் கூட்டினால் தான் உண்மையான பயண நேரம். மாமிக்கு பத்தரை மணி நேரம்!

சென்னையிலிருந்து லண்டன், ஏறக்குறைய, 8,200 கி.மீ., துபாயில் விமானம் மாறினால், தூரம் சில நூறு கி.மீ., தான் கூடும். ஆனால், காத்திருப்பு சேர்ந்து, 14, 15 மணி நேரம் கூட ஆகிவிடும். திரும்பும்போது, நேர வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். மேல்காற்று மேற்கிலிருந்து தள்ளுவதால், கொஞ்சம் சீக்கிரமே வந்து சேரலாம்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களை அனுப்பும் தோழிகளே... மொத்த மணி நேரத்தையும் டாக்டரிடம் சொல்லி, எந்த வேளைக்கு ஊசி, எந்த வேளைக்கு சாப்பாடு என, எழுதி வாங்குங்கள். சரக்கோடு போகும் பெட்டியில் இன்சுலின் குளிரில் உறைந்து வீணாகலாம். டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள்; மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால், காலில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு.

வெளிநாடு போகும் பெரியவர்களுக்கு ஊறுகாயும், பருப்புப் பொடியும் கட்டிக் கொடுக்கிறோமே... இந்தக் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போமே!

— ஒரு வாசகி, சென்னை.