குப்பை வண்டியும் கணக்கேடும்

சென்ற தவணையில் ஒரு நாள், வர்த்தக வகுப்பிலே பெறுமானத் தேய்வு என்னும் பாடத்தை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின் வாங்கிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், லொறியை வாங்கும்போதே முழுக் காசையும் கொடுத்துவிட்டோம். பிறகு ஏன் வருடந்தோறும் தேய்வு என்று ஒரு செலவை எழுதவேண்டும்? அந்தக் காசு யாருக்குப் போகிறது?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எமக்கோ சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அது. அக்காசு எவர் கைக்கும் போவதில்லை என்று கூறுவதற்குள் மணி அடித்துவிட்டது. எஞ்சிய விடை அமெரிக்கக் குப்பைக் கொம்பனி ஒன்றின் வரலாற்றிலே கிடக்கின்றது. அம்மாணவனுக்கும் அவனைப்போன்ற பிறருக்கும் பயன்படுமென்று அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

வண்டி ஒன்றுக்கு ஒன்றேகால் டொலர்

ஒல்லாந்து தேசத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹாம் ஹைசிங்கா என்பவர், 1893ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிலே குப்பை ஏற்றும் தொழிலைத் தொடங்கினார். வண்டி ஒன்றுக்குக் கூலி 1 டொலர் 25 சதம். படித்தோர் விரும்பாத தொழில். செல்வர் கண்ணெடுத்தும் பாராத தொழில். ஆயினும் அதற்கொரு தனிச் சிறப்பு உண்டு. நாட்டிலே செழிப்பு வந்தாலும் பஞ்சம் வந்தாலும் மனிதர் குப்பை எறிவதை நிறுத்துவதில்லை. இன்று ஏற்றிய வாசலிலே நாளையும் ஏற்றவேண்டும்.

அக்குடும்பத்திற்கு மருமகனாக வந்த டீன் பன்ட்றொக், 1956இல் குடும்பத் தொழிலைப் பொறுப்பேற்றார். அதே குடும்பத்தைச் சேர்ந்த வெயின் ஹைசிங்கா, 1962இல் புளோரிடா மாநிலத்தில் ஒரே ஒரு குப்பை லொறியுடன் தொழில் தொடங்கினார். விடியுமுன் தாமே லொறி ஓட்டிக் குப்பை ஏற்றி, பின்னர் குளித்து உடைமாற்றிப் பிற்பகலிலே புதிய வாடிக்கையாளரைத் தேடிச் செல்வது அவர் வழக்கம். இவ்விருவரும் லரி பெக் என்பவருடன் சேர்ந்து 1968இல் அமைத்த ஸ்தாபனமே 'வேஸ்ட் மனேஜ்மென்ட்'. 'கழிவு நிர்வாகம்' என்பது அதன் பொருள். மூன்றே ஆண்டுகளில், 1971இல், அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன.

சட்டம் திறந்த வழி

அக்காலத்தில் அமெரிக்க ஊர்கள் பலவற்றில் குப்பையை வெளியிலே குவித்து எரிப்பதே வழக்கமாயிருந்தது. 1965இல் திண்மக் கழிவு பற்றிய சட்டமும், 1970இல் தூய காற்றுச் சட்டமும், 1976இல் கழிவுகளைக் கையாளும் முறைபற்றிய கடுமையான சட்டமும் பிறந்தன. எரித்தல் அருகியது, புதைத்தல் பெருகியது. 1991இல் வெளிவந்த விதிகளோ, குப்பை புதைக்கும் கிடங்கின் அடியிலே களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் இடவேண்டும், குப்பையிலிருந்து வடியும் நச்சு நீரைக் குழாய்வழி அகற்றவேண்டும், அயலிலுள்ள நிலத்தடி நீரை இடையறாது சோதிக்கவேண்டும் என்றெல்லாம் வற்புறுத்தின.

இரண்டு லொறியும் நான்கு ஆட்களும் வைத்துத் தொழில் செய்த சிறு முதலாளி இத்தகைய செலவுகளை எங்ஙனம் தாங்குவார்? தமது தொழிலைப் பெரிய கொம்பனிக்கு விற்று, விலையாக அதன் பங்குகளைப் பெற்றுக்கொண்டவர் பலர். 1972ஆம் ஆண்டில் மாத்திரம் வேஸ்ட் மனேஜ்மென்ட் 133 சிறு கொம்பனிகளை வாங்கிற்று. அவ்வாண்டு அதன் வருமானம் 8 கோடி 20 இலட்சம் டொலர். 1988இல் அந்நாட்டில் ஏறத்தாழ 8,000 குப்பைக் கிடங்குகள் இருந்தன. இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அவை 2,000க்கும் குறைந்துவிட்டன. எஞ்சிய கிடங்குகளை உடையவருக்கோ இரட்டை வருவாய். தம் லொறிகள் கொண்டுவரும் குப்பையைச் செலவின்றிக் கொட்டலாம். போட்டிக்காரரின் லொறிகளிடம் தொன்னுக்கு இவ்வளவென்று கட்டணமும் அறவிடலாம். 1980களில் இந்தக் கொம்பனி அமெரிக்காவிலேயே தன் துறையில் முதலிடத்தை எய்தியது. வெயின் ஹைசிங்கா 1984இல் விலகி வேறு தொழில்களில் இறங்கினார்.

ஏட்டிலே சேர்ந்த குப்பை

வேகமாக வளர்ந்த மரத்தின் வளர்ச்சி ஒருநாள் தளர்வது இயல்பு. 1990களில் வாங்குவதற்குச் சிறு கொம்பனிகள் அருகின. இலாபமோ ஆண்டுதோறும் ஏறவேண்டுமென்று பங்குதாரர் எதிர்பார்த்தனர். அப்போதுதான் எம் மாணவனின் கேள்வியில் வந்த அதே லொறி கணக்கேட்டுக்குள் புகுந்தது.

இங்கே நாம் விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு லொறியின் விலை 100,000 டொலர். ஆயுள் எட்டு ஆண்டுகள். பின்னர் விற்றால் ஒன்றும் தேறாது. அப்படியாயின் ஆண்டொன்றுக்கு எழுதவேண்டிய தேய்வு 12,500 டொலர். இனி, லொறியைத் தொடாமல் பேனாவை மாத்திரம் அசைப்போம். ஆயுளைப் பத்து ஆண்டுகள் என்று திருத்துவோம். பழைய இரும்பாக விற்றாலும் 20,000 டொலர் கிடைக்குமென்று எழுதுவோம். தேய்வு 8,000 டொலராகக் குறைந்துவிடும். ஒரு லொறியில் 4,500 டொலர் இலாபம், ஒரு கூடை குப்பையையும் கூடுதலாக ஏற்றாமலே பிறந்துவிடுகிறது! ஆயிரக்கணக்கான லொறிகளுக்கு இவ்வாறு செய்தால் என்னவாகும் என்பதை மாணவர் தாமே பெருக்கிப் பார்க்கலாம்.

வேஸ்ட் மனேஜ்மென்டில் நிகழ்ந்தது ஏறக்குறைய இதுவே. லொறிகளின் ஆயுளை ஏட்டிலே நீட்டினர். அவற்றின் இறுதி விலையை உயர்த்தினர். குப்பைக் கிடங்கு நிரம்ப நிரம்ப அதன் மதிப்புக் குறைய வேண்டும் அன்றோ? அக்குறைவையும் உரியவாறு எழுதாது விட்டனர். கணக்காய்வுக்கு வந்த ஆதர் அண்டர்சன் என்னும் புகழ்பெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் ஒப்பமிட்டுச் சென்றது. 1997 வரை இக்கொம்பனியின் நிதி அதிகாரிகளாக இருந்தோர் எல்லோரும் அந்நிறுவனத்திலே முன்னர் பணியாற்றியோரே. வேலியும் பயிரும் உறவாகிவிட்டால் காவல் எங்ஙனம் நிலைக்கும்?

1997இல் புதிதாகப் பதவியேற்ற தலைவர் ஒருவர் சில மாதங்களிலேயே விலகிச் சென்றார். கணக்குகளைத் தோண்டிப் பார்த்தனர். 1992 முதல் 1997 வரை காட்டிய இலாபத்திலே 170 கோடி டொலர் பொய்யென்று 1998 பெப்ரவரியில் கொம்பனியே ஒப்புக்கொண்டது. பங்குதாரர் இழந்தது 600 கோடி டொலருக்கும் அதிகம். இழந்தவருட் பெருஞ்செல்வர் மாத்திரம் இருந்தனர் என்று எண்ணற்க; உழைத்து ஓய்ந்தோரின் ஓய்வூதிய நிதிகளும் அதில் அகப்பட்டன. பங்குதாரர் தொடுத்த வழக்கை 45 கோடி 70 இலட்சம் டொலர் கொடுத்துக் கொம்பனி தீர்த்துக்கொண்டது. 2001இல் கணக்காய்வாளருக்கு 70 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே, என்ரோன் என்னும் வேறொரு கொம்பனியின் வீழ்ச்சியோடு அந்நிறுவனமும் சரிந்தது. 2002இல் அரசாங்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு முன்னாள் அதிகாரிகள் அறுவர்மீது வழக்குத் தொடுத்தது. அவர்களுள் நால்வர் 2005இல், குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், 3 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு இணங்கினர்.

மீண்டெழுந்த விதம்

1998இலேயே 'யு.எஸ்.ஏ. வேஸ்ட்' என்னும் தன்னிற் சிறிய கொம்பனியோடு இது இணைந்தது. நிர்வாகம் டெக்ஸாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகருக்கு மாறியது. பழைய பெயர் மாத்திரம் நிலைத்தது. அடியிலிருந்த தொழில் மெய்யானது. ஏட்டிலே பொய் புகுந்த நாட்களிலும் லொறிகள் விடியுமுன் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆதலின் கொம்பனி பிழைத்தது. 2020இலும் 2024இலும் மேலும் இரு பெரிய கொம்பனிகளை வாங்கியது. 2024ஆம் ஆண்டில் அதன் வருமானம் ஏறத்தாழ 2,200 கோடி டொலர்.

மீள்சுழற்சித் தொழிலிலும் அது இன்று பெரும் பங்கு கொண்டுள்ளது. கலந்துவரும் கழிவு ஓடும் பட்டியிலே செல்லும்போது, இரும்புப் பேணிகளைக் காந்தம் இழுத்தெடுக்கும். அலுமினியப் பேணிகளை மின்சுழிப்பு விலக்கித் தள்ளும். ஒளிக்கருவிகள் பிளாஸ்டிக் போத்தல்களை இனங்கண்டு பிரிக்கும். எனினும், எண்ணெயும் உணவும் படிந்த கடதாசியை எந்தப் பொறியாலும் தூயதாக்க இயலாது. அழுக்குக் கலந்த பொருள்களை இனி ஏற்கோம் என்று சீனா 2018இல் கதவடைத்தபோது, உலகெங்கும் பழங் கடதாசியின் விலை வீழ்ந்தது. புதைத்த குப்பையிலிருந்து எழும் மீதேன் வாயுவைக் குழாய்வழி திரட்டி மின்சாரமும் எரிபொருளும் ஆக்குகின்றனர். ஆயினும், வாயில்தோறும் சென்று குப்பை ஏற்றும் பழைய தொழிலே இன்றும் அதன் வருமானத்திற் பெரும்பகுதியைத் தருகின்றது.

மாணவனுக்குரிய விடை

இப்போது எம் மாணவனுக்கு விடை கூறுவோம். தம்பி, தேய்வென்று நீ எழுதும் தொகை எவர் கைக்கும் போவதில்லை. ஆயின் அதை எழுதாவிட்டால் அது இலாபமென்னும் வேடம் பூண்டு, பங்காகவும் அதிகாரிகளின் வெகுமதியாகவும் வெளியேறிவிடும். லொறி பழுதடைந்து வீதியோரத்தில் நிற்கும் நாளில், புதியதொன்று வாங்கப் பெட்டியிலே ஒன்றும் இராது. எழுதினாற் பெட்டியில் தங்கும். நீ தேடிய அந்தக் காசு நாளைய லொறிக்குப் போகிறது.

ஊரார் எறிந்த குப்பையை ஏற்றி உயர்ந்தது ஒரு கொம்பனி. அதற்கு இழுக்கு ஒன்றும் வரவில்லை. தன் லொறி பழையதாகின்றது என்பதை ஏட்டிலே எழுத நாணியபோதுதான் இழுக்கு வந்தது. அடுத்த தவணையில் ஐந்தொகை எழுதப்போகும் பிள்ளைகள், 'தேய்வு' என்னும் வரியை எழுதும்போது இதனைச் சற்று நினைப்பார்களாக.