இரண்டே நாளில் டென்மார்க் நகரம்! சேலம், நாமக்கல் குடும்பங்களுக்கு ஒரு கடற்கரைப் பயணம்

திருக்கடையூர் கோவிலுக்குச் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்தால் அங்கேதான் அறுபதாம் கல்யாணம். மகன்களும் மகள்களும் கூடுவார்கள். வேன் பிடிப்பார்கள். அபிராமி அம்மனைக் கும்பிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிக்கொள்வார்கள். பந்தி முடிந்ததும், "கிளம்புங்கள், கிளம்புங்கள்! இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும்" என்று அவசரப்படுத்துவார்கள்.

அங்கிருந்து தரங்கம்பாடிக் கடற்கரை பத்துக் கிலோமீட்டருக்குள்தான்! அதைப் பார்க்காமலே பலர் திரும்பிவிடுகிறார்கள்.

தரங்கம்பாடி சாதாரணக் கடற்கரை அல்ல. ஒரு காலத்தில் அது டென்மார்க் மன்னரின் கொடி பறந்த நகரம். 200 ஆண்டுகளுக்கு மேல் அங்கே டேனிஷ்காரர்களின் ஆட்சி நடந்தது. கோட்டை, வீதி, வீடுகள், மாதாகோவில் எல்லாம் இன்றும் நிற்கின்றன.

டென்மார்க் எங்கே இருக்கிறது?

ஐரோப்பாக் கண்டத்தின் வடக்கே, கடல் சூழ்ந்த சின்ன நாடு டென்மார்க். அதன் தலைநகரம் கோபன்ஹேகன். "வியாபாரிகளின் துறைமுகம்" என்பது அந்தப் பெயருக்குப் பொருள். டச்சுக்காரர்கள் வேறு, டேனிஷ்காரர்கள் வேறு. டச்சுக்காரர்களின் ஊர் ஹாலந்து.

கோபன்ஹேகன் இங்கிருந்து சுமார் 7 ஆயிரம் கிலோமீட்டர். அங்கே போக பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், விமானத்துக்குப் பெரிய தொகை வேண்டும்.

தரங்கம்பாடிக்கு பஸ் டிக்கெட் போதும்!

தங்கத் தகட்டில் தமிழ்க் கடிதம்

டேனிஷ்காரர்கள் ஏன் இத்தனை தூரம் வந்தார்கள்? மிளகுக்காக!

1616-ல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் ஒரு வியாபாரக் கம்பெனிக்கு அனுமதி தந்தார். 1618-ல் கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் பெயர் ஓவே கெட்டே. வயது இருபதுகளில்தான்!

முதலில் வந்த கப்பலில் ரோலண்ட் கிராப்பே என்பவர் இருந்தார். காரைக்கால் பக்கத்தில் போர்ச்சுகீசியர் அந்தக் கப்பலைத் தாக்கினார்கள். பலர் மாண்டார்கள். கிராப்பே சிலருடன் உயிர் தப்பிக் கரையேறினார். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் முன் அவர் நிறுத்தப்பட்டார்.

மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. வியாபாரம் பேசினார்! 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

டென்மார்க் மன்னருக்கு ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் கடிதம் அனுப்பினார். கடிதம் தமிழில் இருக்கிறது. கையெழுத்து தெலுங்கில் இருக்கிறது. அந்தத் தகடு கோபன்ஹேகனில், அரசாங்க ஆவணக் களரியில் பத்திரமாக இருக்கிறது.

ஆக, தமிழ்நாட்டின் தங்கம் அங்கே. டென்மார்க்கின் கோட்டை இங்கே!

மணலில் எழுதிய வெள்ளைக்காரர்

இந்த ஊரில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான கதை கோட்டையின் கதை அல்ல. எழுத்தின் கதை.

1706 ஜூலை 9-ந் தேதி சீகன்பால்க் என்ற இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஜெர்மனியில் பிறந்தவர். டென்மார்க் மன்னர் அனுப்பிய பாதிரியார். வயது சுமார் 24. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அவர் என்ன செய்தார், தெரியுமா?

ஒரு வயதான தமிழ் வாத்தியாரைத் தேடிப் பிடித்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். சின்னக் குழந்தைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்தார். குழந்தைகள் மணலில் விரலால் எழுதினார்கள். அவரும் மணலில் விரலால் எழுதினார். குழந்தைகள் உரக்கச் சொன்னார்கள். அவரும் உரக்கச் சொன்னார்.

வளர்ந்த பிறகு எழுத்துக் கற்க வெட்கப்படுகிறவர்கள் உண்டு. சீகன்பால்க் வெட்கப்படவில்லை. தமிழ் ஏட்டுச் சுவடிகளை வாங்கி வாங்கிப் படித்தார்.

டேனிஷ் கவர்னருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. கவர்னர் அவரைக் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்தார். அதற்கும் அவர் அசரவில்லை.

1712-ல் லண்டனிலிருந்து ஒரு அச்சு இயந்திரம் வந்தது. 1713-ல் ஜெர்மனியிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரிய பெரிய எழுத்துகள், காகிதத்தை விழுங்கின. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்து ஊரான பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் 1715-ல் அச்சாகி முடிந்தது.

தமிழில் முதல் புத்தகம் இதுவல்ல. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்து அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சிகள் இடையில் நின்றுபோயின. தரங்கம்பாடியில் அச்சு வேலை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நடந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்களும் வெளிவந்தன. பெண் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

ஓலையில் இருந்த எழுத்து காகிதத்துக்கு வந்தது. சிலர் கையில் இருந்த படிப்பு பலர் கைக்கு வர வழி பிறந்தது. இன்று வீட்டுக்கு வீடு பத்திரிகை வருகிறது. அந்த வழியில் ஓர் அடி தரங்கம்பாடியில் எடுத்து வைக்கப்பட்டது.

எப்படிப் போவது?

சேலத்திலிருந்து தரங்கம்பாடி சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து சுமார் 250.

வழியைக் காவிரியே காட்டிவிடும். மேட்டூர் அணையில் திறக்கிற தண்ணீர் பவானி, பள்ளிபாளையம், மோகனூர் வழியாகத்தான் தஞ்சை மண்ணுக்குப் போகிறது. அதே பக்கம் போகவேண்டியதுதான்! நாமக்கல், தொட்டியம், முசிறி, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை. முசிறியை நெருங்கும்போது காவிரி வலப்பக்கம் கூடவே வரும்.

ரயிலிலும் போகலாம். சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு ரயில் பாதை இருக்கிறது. வண்டி நேரத்தை ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்வது நல்லது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1926-ல் தொடங்கிய அந்த ரயில் 1986-ல் நின்றுவிட்டது. இப்போது அங்கிருந்து பஸ்தான். சுமார் 30 கிலோமீட்டர்.

முதல் நாள்

விடியற்காலையில் புறப்படவேண்டும். புளிச்சோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டால் பகல் சாப்பாட்டுச் செலவு மிச்சம். தஞ்சையிலோ கும்பகோணத்திலோ ஒரு கோவிலைப் பார்க்கலாம். எல்லாக் கோவிலையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால் பெரியவர்களுக்குக் கால் வலிதான் மிஞ்சும்!

இரவு திருக்கடையூரிலோ மயிலாடுதுறையிலோ தங்கலாம். இரண்டு ஊரிலும் விடுதிகள் உண்டு. முகூர்த்த நாட்களில் திருக்கடையூரில் கூட்டம் அதிகம். முன்கூட்டியே அறை சொல்லி வைக்கவேண்டும்.

இரண்டாம் நாள்

சூரியன் கிளம்பும் முன் தரங்கம்பாடிக் கடற்கரையில் இருக்கவேண்டும். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் சூரியனைப் பார்த்த கண்களுக்கு, அது கடலிலிருந்து எழும்பி வருவது புதுக் காட்சி.

பிறகு ஊரின் நுழைவாயிலுக்குப் போகவேண்டும். வெள்ளை நிறத்தில் நிற்கும் அந்த வாசல் 1792-ல் கட்டியது. அதில் நுழைந்தால் ராஜ வீதி. நேரே கடல் தெரியும். வீதியில் இரண்டு பழைய மாதாகோவில்கள். சீயோன் ஆலயம் 1701-ல் ஏற்பட்டது. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் கட்டியது. சீகன்பால்க் 1719-ல், 36 வயதில் இறந்தார். புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் அவர் சமாதி இருக்கிறது.

வீதி முடிவில் டேன்ஸ்பர்க் கோட்டை. மேலே கவர்னரும் அதிகாரிகளும் இருந்தார்கள். கீழே சரக்குக் கிடங்குகளும் சிறையும் இருந்தன. இப்போது அரசாங்கத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பழைய காசுகள், பீங்கான் பாத்திரங்கள், பத்திரங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நேரமிருந்தால் திரும்பும்போது பூம்புகாருக்கும் போகலாம். மோகனூரில் அகலமாக ஓடும் காவிரி அங்கே ஒரு வாய்க்கால் போல ஒடுங்கிக் கடலில் கலக்கிறது.

கடல் விழுங்கிய கோவில்

கோட்டைக்குப் பக்கத்தில், கடல் ஓரமாக மாசிலாமணிநாதர் கோவில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே பாண்டிய மன்னர் குலசேகரன் கட்டியது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீதியைப் பிற்காலத்தில் திருப்பணி செய்து காப்பாற்றினார்கள்.

தரங்கம் என்றால் அலை. பெயருக்கு ஏற்றபடி அலை இந்த ஊரை விடுவதில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது மீனவர் குடியிருப்பு பெரும் உயிர்ச்சேதம் கண்டது. கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு எச்சரிக்கை. கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தியவர்கள் கடலையும் அப்படி நினைக்கக்கூடாது. இங்கே கடலில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. பாறைகளில் பாசி வழுக்கும். குழந்தைகளின் கையை விடக்கூடாது.

எப்போது போகலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் அடைமழை; புயலும் வரும். சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. தை, மாசி மாதங்கள் நல்லவை. பகல் பத்து மணிக்குள் கடற்கரையைச் சுற்றி முடித்துவிடவேண்டும். குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை விற்றுவிட்டார்கள். வங்காளத்து சீராம்பூரையும் சேர்த்து விலை 12½ லட்சம் ரூபாய். வாங்கியது ஆங்கிலக் கம்பெனி. பிறகு வியாபாரம் நாகப்பட்டினம் பக்கம் போயிற்று. தரங்கம்பாடி தூங்கிவிட்டது. தூங்கியதால்தான் பழைய வீதி இடிபடாமல் தப்பியது!

சேலத்துச் சமவெளியில் கடலை ஒரு முறைகூடப் பார்க்காத பாட்டிகள் உண்டு. "எனக்கெதுக்கு? நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். விட்டுவிட்டுப் போகக்கூடாது. கல்யாணத்துக்கு என்று அடுத்த முறை வேன் பிடிக்கும்போது, இன்னும் அரை நாள் கூட்டிப் பேசிக்கொண்டால் போதும். பாட்டி அலையில் கால் நனைக்கட்டும். பேத்தி கரை மணலில் விரலால் "அ" எழுதட்டும். பாட்டிக்கும் எழுதக் கற்றுக்கொடுக்கட்டும். 24 வயதுப் பாதிரியார் குழந்தைகளோடு உட்கார்ந்து எழுதியதும் அந்த ஊர் மணலில்தான்.