எழுபதுகளில் அமெரிக்கா: மூடிய அறைகள் திறந்த கதை

1972ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆம் நாள், விடியுமுன். அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், வாட்டர்கேற் என்னும் பெருங் கட்டடத்திலே பிராங்க் வில்ஸ் என்ற இளங் காவலாளி சுற்றுக் காவல் செய்துகொண்டிருந்தார். கீழ்த்தளத்துக் கதவொன்றின் பூட்டு விழாதபடி, அதன்மேல் ஒட்டுநாடாத் துண்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. வேலையாட்கள் எவரேனும் மறந்து விட்டுச் சென்றிருப்பர் என எண்ணி, அவர் அதனை உரித்தெறிந்தார். சிறிது நேரங் கழித்து வந்து பார்த்தபோது, அதே இடத்தில் இன்னொரு துண்டு இருந்தது. உடனே பொலிசாரை அழைத்தார். எதிர்க்கட்சியாகிய சனநாயகக் கட்சியின் தலைமைக் காரியாலயத்துள் ஐவர் கையுங் களவுமாகப் பிடிபட்டனர். ஒட்டுக்கேட்குங் கருவிகளும் அவர்களிடம் இருந்தன. உரித்தெறிந்த அந்த நாடாத்துண்டு, இரண்டே ஆண்டுகளில் உலகின் வலிமைமிக்க பதவியில் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பும் என்று அந்தக் காவலாளி கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

எழுபதுகளின் அமெரிக்காவை எண்ணெய்த் தட்டுப்பாட்டின் காலம் என்பார் உளர். தோற்ற போரின் காலம் என்பாரும் உளர். நீண்ட தலைமயிரையும் டிஸ்கோ நடனத்தையுமே நினைவில் வைத்திருப்போர் இன்னும் பலர். இவையாவும் உண்மையே. ஆயினும் இவற்றுக்கு அடியிலே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை சிலருடைய கையில், மூடிய அறைகளில் இருந்த பொருள்கள் பல, பொதுமக்கள் கைக்கு வந்தன. ஆட்சியாளரின் இரகசியப் பேச்சு அவற்றுள் ஒன்று, கணனி இன்னொன்று, பெண்களுக்கு அடைத்திருந்த கல்வியின் வாயில்களும், அடிமைகளாய் வாழ்ந்தோரின் வரலாறும் ஏனையவை. இவற்றை அந்நாட்டவர் இலவசமாகப் பெறவில்லை. தம் அரசின்மீது வைத்திருந்த நம்பிக்கையில் ஒரு பெரும் பகுதியை விலையாகக் கொடுத்தே பெற்றனர்.

அந்த நம்பிக்கையை முதலில் அரித்தது வியட்நாம் போர். போர் கம்போடியாவுக்கும் பரவியதை எதிர்த்து மாணவர் ஆர்ப்பாட்டஞ் செய்தபோது, 1970 மே 4ஆம் நாள், ஒகையோ மாநிலத்தின் கென்ற் நகரப் பல்கலைக்கழகத்திலே தேசியக் காவற்படையினர் சுட்டதில் நான்கு மாணவர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். மாண்ட நால்வருள் இருவர் ஆர்ப்பாட்டத்திற் கலந்துகொள்ளாதவர், வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தவர். பதினெட்டு வயதில் போர்முனைக்கு அனுப்பத்தக்கவன், அதே வயதில் வாக்களிக்கத் தகாதவனா என்ற பழைய கேள்விக்கு அதன்பின் மறுமொழி சொல்லாதிருக்க முடியவில்லை. 1971 யூலையில், அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது.

அதே ஆண்டில் இன்னொரு கதவும் திறந்தது. போரின் தொடக்க வரலாற்றைப் பற்றிப் பாதுகாப்பு அமைச்சு தனக்கெனத் தயாரித்துப் பூட்டி வைத்திருந்த அறிக்கை ஏறத்தாழ 7,000 பக்கங் கொண்டது. அதனைத் தயாரிப்பதில் பங்குகொண்ட டானியல் எல்ஸ்பேர்க் என்பவர், இரவிரவாகப் பிரதியெடுக்கும் இயந்திரத்தின் முன்னின்று பக்கம் பக்கமாகப் பிரதிசெய்து பத்திரிகைக்குக் கொடுத்தார். ‘நியூயோர்க் ரைம்ஸ்’ அதை வெளியிடத் தொடங்கியதும் அரசு தடை கோரியது. உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் அக்கோரிக்கையை நிராகரித்தது. மக்களுக்குச் சொன்னதொன்று, தமக்குள் எழுதிவைத்தது வேறொன்று என்பது அச்சில் வந்துவிட்டது.

இனி வாட்டர்கேற் கதைக்கு மீள்வோம். கள்ளர் பிடிபட்ட அதே ஆண்டு நவம்பரில், சனாதிபதி றிச்சட் நிக்சன் 50 மாநிலங்களுள் 49இல் வென்று மறுபடியும் தெரிவானார். வழக்கு அத்துடன் மடிந்துபோயிருக்கக்கூடும். ஆனால், 1973 யூலையில், செனற் சபையின் விசாரணைக் குழுமுன் சாட்சி சொன்ன அலெக்சாந்தர் பட்டர்பீல்ட் என்ற முன்னாள் உதவியாளர், எவரும் எதிர்பாராத செய்தி ஒன்றைக் கூறினார். சனாதிபதியின் அலுவலக அறையிலே ஒலிப்பதிவுக் கருவிகள் மறைவாகப் பொருத்தப்பட்டுள்ளன என்றும், அங்கே பேசப்படுவதெல்லாம் 1971 முதல் நாடாவிற் பதிவாகியுள்ளது என்றும் அவர் சொன்னார்.

‘சுவருக்குங் காதுண்டு’ என்பது நம்மவர் முதுமொழி. பிறர் வைத்த காதுக்கு அஞ்சவே அது சொல்லப்பட்டது. தன் சுவரிலே தானே காது பொருத்தி, அதை மறந்து பேசிய ஆட்சியாளரை நம் முன்னோர் நினைத்துப் பார்க்கவில்லை. நிக்சனுக்கு முன்னிருந்த சனாதிபதியரும் ஒலிப்பதிவு செய்ததுண்டு. ஆனால் அவர்கள் வேண்டும்போது பொத்தானை அழுத்திப் பதிந்தனர். நிக்சனின் கருவியோ குரல் கேட்டவுடன் தானே இயங்கியது. ஆகவே எதைப் பதிவது, எதை விடுவது என்ற தெரிவு அங்கே இருக்கவில்லை. நாடாவுக்குக் கட்சியும் இல்லை, தாட்சணியமும் இல்லை.

நாடாக்களைத் தருமாறு விசேட வழக்குத்தொடுநர் ஆச்சிபோல்ட் கொக்ஸ் கேட்டார். அவரைப் பதவி நீக்குமாறு நிக்சன் பணித்தபோது, அப்பணியைச் செய்ய மறுத்துச் சட்டமா அதிபரே பதவி துறந்தார். பின்னர் கையளிக்கப்பட்ட நாடாவொன்றிலே, கள்ளர் பிடிபட்ட மூன்றாம் நாள் நடந்த உரையாடலில், பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சலே கேட்டது. தாம் தவறுதலாக அதில் ஒரு சிறு பகுதியை அழித்திருக்கக்கூடும் என்றார் சனாதிபதியின் செயலாளர். எஞ்சிய பகுதி எவ்வாறு அழிந்தது என்பது இன்றுவரை துலங்கவில்லை.

ஈற்றில், 1974 யூலை 24ஆம் நாள், நாடாக்களைக் கொடுத்தேயாக வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் எட்டு நீதியரசரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அவ்வெண்மருள் மூவர் நிக்சனாலேயே நியமிக்கப்பட்டவர். தீர்ப்பை வாசித்த பிரதம நீதியரசரும் அம்மூவருள் ஒருவர். இந்த ஒரு செய்தியை அறிந்தாலே போதும், அந்நாட்டின் அரசியலமைப்பைப் பற்றிய நூல்கள் பலவற்றை வாசித்த பயன் கிட்டும். வெளிவந்த நாடாக்களுள் 1972 யூன் 23ஆம் நாளைய நாடா, புலன் விசாரணையைத் தடுக்கும் திட்டத்துக்குச் சனாதிபதி இசைந்ததை அவருடைய குரலிலேயே கேட்பித்தது. 1974 ஓகஸ்ட் 9ஆம் நாள் நிக்சன் பதவி துறந்தார். அமெரிக்க வரலாற்றில் அவ்வாறு பதவி துறந்த சனாதிபதி அவர் ஒருவரே. அவருக்குப்பின் வந்த ஜெரல்ட் போட், ஒரு மாதத்துக்குள் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். நாடாவைக் கண்டுபிடித்த காவலாளி பிராங்க் வில்ஸோ நல்ல வேலை கிடையாது அலைந்து, 2000ஆம் ஆண்டில் வறுமையிலேயே காலமானார்.

யூன் 23 என்ற அந்த நாளை நேயர்கள் நினைவில் வைத்திருப்பது நன்று. ஏனெனில் அதே நாளில் நிக்சன் இன்னொன்றையுஞ் செய்தார். கல்வித் திருத்தச் சட்டமொன்றிற் கையொப்பமிட்டார். அதன் ஒன்பதாம் பிரிவின் மூல விதி ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்டது. மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வி முயற்சியிலும், ஆண் பெண் என்ற காரணத்தால் எவரையும் விலக்கலாகாது என்பதே அதன் சாரம்.

இச்சட்டத்துக்காக உழைத்தோருள் ஒருவர், ஹவாய்த் தீவுகளின் பிரதிநிதியும் யப்பானிய வழித்தோன்றலுமான பற்சி மிங்க் அம்மையார். இளமையில் மருத்துவராக விரும்பி விண்ணப்பித்த அவரை மருத்துவக் கல்லூரிகள் ஏற்க மறுத்தன; அதன்பின்னரே அவர் சட்டம் பயின்றார். அடைத்த கதவின் முன் நின்றவர், பின்னாளில் அக்கதவுக்கே சட்டம் எழுதினார். இவ்விதியில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. இருந்தும் அதன் பயன் முதலில் வெளிப்படையாகத் தெரிந்தது விளையாட்டு மைதானத்திலேதான். சட்டம் வருமுன் உயர்பள்ளிப் போட்டிகளில் விளையாடிய மாணவியர் தொகை நாடு முழுவதிலும் மூன்று இலட்சத்துக்குக் குறைவு. பத்தாண்டு முடியுமுன் அது ஏறத்தாழ 20 இலட்சத்தை எட்டியது. பெண்ணென்ற காரணத்தால் வங்கிகள் கடன் மறுப்பதும் 1974இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எல்லா முயற்சியும் இவ்வாறு நிலைத்ததென்று சொல்ல முடியாது. ஆண் பெண் சமவுரிமையை அரசியலமைப்பிலேயே பொறிக்க முயன்ற திருத்தத்துக்கு 38 மாநிலங்களின் இசைவு வேண்டியிருக்க, 35 மட்டுமே காலக்கெடுவுக்குள் கிடைத்தன. கருச்சிதைவு பற்றி 1973இல் உயர் நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பை, அதே நீதிமன்றம் 2022இல் மாற்றிவிட்டது.

எண்ணெயின் கதையைச் சுருங்கச் சொல்லலாம். 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கிற் போர் மூண்டபோது, அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்க மறுத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெற்றோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. பெருந்தெருக்களில் மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓடலாகாது என்ற சட்டமும் வந்தது. வரிசையில் நிற்பதைப் பிற நாட்டார் பழக்கமென்று எண்ணியிருந்தவர்களுக்கு இது பெரிய பாடம்.

இவ்வாறு பெரியவை தடுமாறிய காலத்திலேதான், மிகச் சிறியதொன்று பிறந்தது. 1969இல் யப்பானியக் கணக்கிடுகருவி நிறுவனமொன்று, தன் கருவிகளுக்கு வேண்டிய மின்னணுச் சில்லுகளைக் கலிபோர்ணியாவிலுள்ள இன்டெல் நிறுவனத்திடங் கேட்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சில்லு என்பது அவர்களுடைய எண்ணம். இன்டெல்லின் ரெட் ஹொவ் என்பவருக்கு வேறொன்று தோன்றியது. ஒரே வேலைக்கெனப் பழக்கிய பணியாட்கள் பலரை வைத்திருப்பதைவிட, கையிற் கொடுத்த குறிப்பை வாசித்து எவ்வேலையையுஞ் செய்யும் ஒருவனை வைத்திருப்பது இலாபமன்றோ? அவ்வாறே, நினைவகத்திலுள்ள கட்டளைகளை வாசித்து இயங்கும் சில்லு, பெடரிக்கோ பகின் முதலியோரின் உழைப்பால் உருவாகி, 1971 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. விரல்நகத்தினுஞ் சிறிய அதனுள் 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன.

அதற்குமுன் கணனி என்றால் ஓர் அறையை அடைத்து நிற்பது. வெண்சட்டை அணிந்த சிலரே அதனை அணுகலாம். 1972இல் கையடக்க விஞ்ஞானக் கணக்கிடுகருவி 395 டொலருக்கு வந்தபோது, மடக்கை அட்டவணையும் பொறியியலாளர் சட்டைப்பையிற் செருகியிருந்த சறுக்கு அளவுகோலும் ஓய்வுபெறத் தொடங்கின. 1975 சனவரியில் ‘அல்ரெயர்’ என்ற சிறு கணனி, 400 டொலருக்குக் குறைந்த விலையில், வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் உறுப்புகளாக விளம்பரமாயிற்று. அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. ஆளிகளைத் தட்டினால் விளக்குகள் மின்னும், அவ்வளவே. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பி வாங்கினர். அதற்குக் கட்டளைமொழி எழுதிய பில் கேற்ஸ், போல் அலன் என்ற இரு இளைஞர் மைக்ரோசொப்ற் நிறுவனத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் அப்பிள் நிறுவனம் பிறந்தது.

கணனி வணிகர் மேசைக்கு ஏறியதற்கு ஒரு கரும்பலகையுங் காரணம். ஹாவட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த டான் பிறிக்லின், ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய கணக்கட்டவணையில் ஓர் எண் பிழைத்துவிட, அதனைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்தழித்துத் திரும்ப எழுதியதைக் கண்டார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் அட்டவணையை, நண்பரொருவருடன் சேர்ந்து கணனிக்கென ஆக்கினார். அது 1979இல் விற்பனைக்கு வந்தது. ஆசிரியர் விட்ட பிழைகளுள் இத்துணைப் பயன்தந்தது வேறில்லை எனலாம்.

இறுதியாக, கறுப்பின மக்களின் கதை. 1977 சனவரியில், அலெக்ஸ் ஹேலி எழுதிய ‘வேர்கள்’ என்னும் நூல் தொலைக்காட்சி நாடகமாக எட்டு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பாயிற்று. ஆபிரிக்காவிலிருந்து கடத்தப்பட்ட குந்தா கிந்தே என்ற இளைஞனும் அவன் சந்ததியும் அடிமைகளாய்ப் பட்ட பாட்டை, நாட்டு மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு பகுதியையேனும் பார்த்தனர். நூலில் உள்ளவை எல்லாம் வரலாறல்ல என்று ஆராய்ச்சியாளர் பின்னர் காட்டினர். வேறொருவரின் நாவலிலிருந்து எடுத்த பகுதிகளுக்காக ஹேலி பணங் கொடுத்து வழக்கைத் தீர்க்கவும் நேர்ந்தது. குறை குறையே. ஆனால், அடிமையின் கண்கொண்டு அந்நாட்டின் கதையை வீட்டு முன்னறையில் அத்தனை பேர் பார்த்தது அதுவே முதன்முறை. பின்னர் சுவடிக்கூடங்களில், தம் பாட்டனார் பெயரைத் தேடுவோர் கூட்டம் பெருகியது.

அதே 1977இல், வோயேஜர் என்னும் இரு விண்கலங்கள் வியாழனையுஞ் சனியையும் நோக்கி ஏவப்பட்டன. ஒவ்வொன்றிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று உண்டு. அதனை ஒலிக்கச் செய்யும் ஊசியும், எவ்வாறு ஒலிக்கச் செய்வது என்ற படக்குறிப்பும் உடன் வைக்கப்பட்டன. தன் அறையிற் பதிந்த நாடாவால் ஒரு சனாதிபதியை இழந்த நாடு, மூன்றாண்டுகளின் பின், பூமியின் குரல்களைத் தானாகவே பதிந்து வானத்துக்கு அனுப்பியது. இடியும் மழையும், குழந்தையின் அழுகையும், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரலும் அதில் உள்ளன. 55 மொழிகளில் வாழ்த்துரைகளும் உள்ளன. அவற்றுள் சிங்களம் உண்டு, தெலுங்குங் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. முதலாவது கலம் 2012இல் சூரியனின் காற்றெல்லையையுங் கடந்து, விண்மீன்களுக்கிடையேயுள்ள வெளியிற் புகுந்தது.