சவுண்ட்பாரில் ஒலி வரவில்லையா? கேபிளைச் செருகிய இடத்தைக் கவனியுங்கள்

மும்பை: கிராண்ட் ரோடு ரயில் நிலையம் அருகேயுள்ள லேமிங்டன் சாலைக் கடைகளில் சவுண்ட்பார் வாங்கி, தாராவிக்கோ செம்பூருக்கோ கொண்டுவந்து பொருத்தியதும் ஏமாற்றம் ஏற்படலாம். படம் தெரியும், ஒலியோ தொலைக்காட்சியிலிருந்தே வரும். பழுது என்று கருதித் திருப்பிக் கொடுக்கும் முன் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்ப்பது நல்லது. சுவரில் மாட்டியிருந்தால் சற்றுச் சிரமம்தான்.

அங்குள்ள எச்டிஎம்ஐ போர்ட்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும், பெரும்பாலும் ஒன்றில் மட்டுமே 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்ற குறி இருக்கும். மற்றவை படத்தையும் ஒலியையும் உள்வாங்கும். இது மட்டுமே தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும். 2009-இல் வெளியான எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் இவ்வசதி அறிமுகமானது. சவுண்ட்பாரிலும் அதே குறியுள்ள போர்ட்டிலேயே கேபிளைச் செருக வேண்டும்.

அடுத்து, தொலைக்காட்சி அமைப்புகளில் 'சிஇசி' வசதியை இயக்கி, ஒலி வெளியீட்டை ஏஆர்சிக்கு மாற்ற வேண்டும். இந்தச் சிஇசியைச் சாம்சங் 'எனிநெட் பிளஸ்' என்றும், எல்ஜி 'சிம்ப்லிங்க்' என்றும், சோனி 'பிராவியா சிங்க்' என்றும் அழைக்கின்றன. குழப்பத்துக்கு இதுவே போதும்.

ஏஆர்சி இல்லாத பழைய தொலைக்காட்சிக்கு ஆப்டிகல் கேபிள் உதவும். அதில் 5.1 டால்பி டிஜிட்டல் ஒலி செல்லும். டால்பி அட்மாஸ் செல்லாது. புதிய கேபிளின் முனைகளிலுள்ள பிளாஸ்டிக் மூடிகளை அகற்ற மறந்தால், எந்த ஒலியும் வராது.